கனடா டிஸ்க்கும் கோத்தகிரி பிளேயரும்

நாலு டிஸ்க்கும் இப்போது ஒரே வீட்டில் ஓடுகின்றன. டொராண்டோவிலிருந்து வந்த கல்யாண டிவிடி, அமெரிக்காவில் வாங்கிய ஒரிஜினல் டிவிடி, நீலகிரி மலை ரயிலைப் பற்றி பிரிட்டனில் வெளியான ஆவணப்பட டிவிடி, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ப்ளூரே. டிவிடி மூன்றுக்கும் சேர்த்து 3,290 ரூபாய் செலவு. அதில் 1,850 ரூபாய் முழுக்க வீண். ‘ரீஜன் ஃப்ரீ பிளேயர் ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று தொடங்கியதால் வந்த வினை அது. நாலு டிஸ்க்கும் ஓடாததற்கு நாலு வேறு காரணங்கள் இருந்தன. அவற்றில் டொராண்டோ டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே, அதாவது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதிப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் ஏற்பாடே, கிடையாது.

ஆகவே, இதே வேலையில் இறங்குகிறவர்கள் பர்ஸை எடுக்கும் முன் டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள்.

அட்டையின் பின்பக்கம்

ஒரிஜினல் டிவிடியின் பின் அட்டையில் சின்ன உலக உருண்டை இருக்கும்; அதற்குள் ஓர் எண். 1 என்றால் அமெரிக்கா, கனடா. 2 என்றால் ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா. 3 சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா, கொரியா. 4 ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா. நம் நாடு 5. சீனா 6. ‘ஆல்’ என்றோ 0 என்றோ போட்டிருந்தால் பூட்டு இல்லை.

அதே அட்டையில் பால் (PAL) அல்லது என்டிஎஸ்சி (NTSC) என்ற எழுத்துகளையும் தேடுங்கள்; டிவிக்குப் படம் போகும் இரண்டு முறைகள் அவை. இது ரீஜனோடு சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஜப்பானும் பிரிட்டனும் ஒரே ரீஜன் 2, ஆனால் ஜப்பான் டிஸ்க் என்டிஎஸ்சி, பிரிட்டன் டிஸ்க் பால். பால் படம் 576 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சி 480 கோடுகள், நொடிக்கு 29.97. நம் ஊர் பழைய டிவிகள் பாலுக்காகச் செய்யப்பட்டவை.

மூன்றாவதாக, டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்தது வெள்ளி நிறத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதிய டிவிடி-ஆர் ஊதாச் சாயல் காட்டும். கல்யாண வீடியோ, பிறந்தநாள், கோயில் குடமுழுக்கு என்று சொந்தக்காரர்கள் அனுப்புவது பெரும்பாலும் ஊதாதான். அதில் ரீஜன் பூட்டு அநேகமாக இருக்காது. அது ஓடவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது பிளேயருக்குள் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸை, இல்லாவிட்டால் டிவியை.

ப்ளூரேவுக்கு எண் கிடையாது, எழுத்து. ஏ என்றால் அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா. பி என்றால் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. இந்தியா, சீனா, ரஷ்யா மூன்றும் சி. 4கே ப்ளூரேவில் ரீஜன் பூட்டே இல்லை. எந்த நாட்டு 4கே டிஸ்க்கும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். ஆனால் அந்த 4கே பிளேயரில் சாதாரண ப்ளூரே போட்டால், பிளேயர் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த எழுத்துதான் செல்லும்.

வீணான 1,850

ஆன்லைனில் ‘ஆல் ரீஜன்’ என்று போட்டு விற்ற புது டிவிடி பிளேயரை வாங்கியது முதல் தப்பு. மலை ரயில் டிஸ்க்கைப் போட்டதும் ‘ராங் ரீஜன்’ என்று திரையில் வந்து நின்றது. பிளேயரைத் திருப்பி அனுப்ப முயன்றால், பெட்டியைப் பிரித்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவில்லை. ரிமோட்டில் செட்டப் மெனுவுக்குள் வேறு எந்த வழியும் இல்லை. மாற்றுவதற்கான ரகசிய எண்ணும் அந்த மாடலுக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இனி வாங்கினால் விற்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டபிறகே பணம். ஒன்று, முழு மாடல் எண், கடைசியில் சாய்கோடு போட்டு வரும் இரண்டு இலக்கங்கள் உட்பட. பிலிப்ஸ் பிளேயர்களில் /94 இந்தியாவுக்கு, /12 ஐரோப்பாவுக்கு, /37 அமெரிக்காவுக்கு. ஒரே மாடலாக இருந்தாலும் இந்த இலக்கம் மாறினால் உள்ளே மென்பொருள் மாறும், சில சமயம் கரன்ட் அளவும் மாறும். இரண்டு, ரீஜன் 1 டிஸ்க் ஒன்று அதில் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது. ‘எல்லாம் ஓடும் அண்ணே’ என்ற வாய்ச்சொல் செல்லாது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரைப் பிளேயரையே கொண்டுவரச் சொல்வது இன்னொரு யோசனை. அதைக் கைவிட்டது நல்லதாகப் போயிற்று. அங்கே விற்பது ரீஜன் 1 மட்டுமே ஓட்டும். பிரிட்டன் டிஸ்க் அதிலும் நிற்கும். பின்பக்க லேபிளில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், 230 வோல்ட் பிளக்கில் சொருகிய நொடியில் பவர் போர்டு போய்விடும். 110–240 என்று இருந்தால் பிளக் முனை மாற்றி போதும். 120 மட்டும் உள்ளதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டுமானால் 230-ஐ 120 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். டிவிடி பிளேயர் 10 முதல் 15 வாட்தான் இழுக்கும் என்பதால் 100 விஏ (வோல்ட் ஆம்பியர்) திறன் தாராளம்.

700 ரூபாய்ப் பிளேயரும் ஆறு எண்ணும்

கோவை காந்திபுரத்தில் பழைய சாமான் கடையில் ஒரு பிலிப்ஸ் டிவிபி வரிசைப் பிளேயர் 700 ரூபாய்க்குக் கிடைத்தது, ஒரிஜினல் ரிமோட்டோடு. ரிமோட் இருந்ததால்தான் வாங்கியது. பொது ரிமோட்டுகளில் செட்டப் பொத்தான் சில சமயம் இருக்காது. அது இல்லாமல் அடுத்த வேலை நடக்காது.

டிரேயில் டிஸ்க் இருக்கக் கூடாது. இது முக்கியம், டிஸ்க் உள்ளே இருந்தால் பிரிஃபரன்ஸ் பக்கம் மங்கலாகிவிடும், நுழைய முடியாது. முதல் தடவை இதைக் கவனிக்காமல் எண் தப்பு என்று கால் மணி நேரம் வீணாயிற்று. டிரேயைத் திறந்து வைத்து, செட்டப் அழுத்தி, வலது அம்புக்குறியால் பிரிஃபரன்ஸ் பக்கத்துக்குப் போய், 138931 அழுத்த வேண்டும். திரையில் இப்போதைய ரீஜன் எண் தோன்றும். மேல், கீழ் அம்புக்குறியால் அதை 0 ஆக்கி, பிளேயரை அணைத்து மறுபடி போட வேண்டும். டிவிபி வரிசையில் பல மாடல்களுக்கு இந்த ஒரே எண் செல்லுபடி. மற்ற கம்பெனிகளுக்கு வேறு எண். கண்டபடி அழுத்திப் பார்க்கக் கூடாது, சில பிளேயர்களில் எண்ணை மாற்றும் வாய்ப்பு சில தடவைதான்.

0 வைத்ததும் மலை ரயில் டிஸ்க் உடனே ஓடியது. அமெரிக்க டிஸ்க் ஓடவில்லை! உலக வரைபடம் போல ஒரு திரை வந்து, இந்தப் பிளேயரில் ஓடாது என்ற அறிவிப்போடு நின்றுவிட்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் சில அமெரிக்க டிஸ்க்குகளில் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டார்கள். டிஸ்க்கே பிளேயரைப் பார்த்து ‘நீ எந்த ரீஜன்’ என்று கேட்கும். 1 என்று பதில் வந்தால் ஓடும். எல்லாம் என்று வந்தால் நிறுத்திவிடும். அதாவது ரீஜன் ஃப்ரீயாக இருப்பதே இங்கே குற்றம். மறுபடி அதே மெனுவுக்குப் போய் 0-ஐ 1 ஆக்கியதும் ஓடியது. பார்த்து முடித்தபின் திரும்ப 0. எனவே ‘எப்போதும் 0’ என்று உள்ளே பூட்டி விற்கும் பிளேயரைவிட, ரீஜனைக் கையால் மாற்ற முடிகிற பிளேயர் மேல்.

ரயில் பாலம் ஏறும் காட்சி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளம். அந்த ஏற்றத்தில் ரயில் ஒரு பாலத்தை மெல்லக் கடக்கும் காட்சி டிஸ்க்கில் உண்டு. கேமரா அசையாமல் நிற்க, நீலப் பெட்டிகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். படம் சரியாக வருகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல காட்சி இல்லை. முதலில் பெட்டிகள் தட்டித் தட்டி நகர்ந்தன: நாலு அடி சீராக, ஐந்தாவதில் ஒரு குலுக்கல். காரணம் டிஸ்க் இல்லை. முன்பு வைத்திருந்தவர் செட்டப்பில் டிவி டைப்பை என்டிஎஸ்சி என்று வைத்திருந்தார். பிளேயர் 25 படத்தை 29.97 ஆக நீட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் இருக்கும் முறையிலேயே அனுப்பும் ‘மல்டி’ என்று மாற்றியதும் ரயில் வழுக்கிக்கொண்டு போயிற்று, ஜன்னல் ஜன்னலாக எண்ணலாம்.

எல்இடி டிவியில் மல்டிதான் சரி. இங்கே விற்கும் எல்இடி டிவிகள் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஏற்கும். பிக்சர் டியூப் டிவி வைத்திருப்பவர்கள் பாலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டொராண்டோ கல்யாணம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது படம் மேலே உருண்டுகொண்டே இருக்கும். பாலில் வைத்தால் நிறம் வரும், குலுக்கலும் கொஞ்சம் வரும். அந்த டிவிக்கு அதற்கு மேல் வழியில்லை. டிவி ஷேப் என்ற இடத்தில் 16:9 வைக்க மறக்க வேண்டாம். 4:3-ல் விட்டால் அகலமான டிவியில் படம் சுருங்கியோ ஆட்கள் பெருத்தோ தெரிவார்கள்.

லென்ஸ்

மூன்றாவது டிஸ்க்தான் வேலை வாங்கியது. டொராண்டோ கல்யாணத்தைப் போட்டால் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும், ‘நோ டிஸ்க்’. இங்கே ஒரு எளிய சோதனை உண்டு. முதலில் பாட்டு சிடி, பிறகு சாதாரண டிவிடி, பிறகு இரண்டு அடுக்கு உள்ள 8.5 ஜிபி டிவிடி, கடைசியில் எழுதிய டிவிடி. இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே லென்ஸின் கீழ் இரண்டும் தனித்தனி. சிடி ஓடி டிவிடி திணறினால் 650 சோர்ந்திருக்கிறது, அல்லது லென்ஸ் மங்கியிருக்கிறது. எழுதிய டிஸ்க் ஒளியைக் குறைவாகத் திருப்பும் என்பதால் முதலில் அடிபடுவது அதுதான்.

மூடியைக் கழற்றிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் லென்ஸின் மேல் மெல்லிய சாம்பல் நிற நூல்கள், சிலந்தி வலை போலக் கிளை விட்டு. பூசணம். குற்றம் பிளேயர் மேல் இல்லை. ஈரமான அலமாரியில் எத்தனை மழைக்காலம் கிடந்ததோ. மலையில் கேமரா லென்ஸுக்கு வருவதுதான் இதற்கும் வந்திருக்கிறது.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். பவர் போர்டில் 400 வோல்ட் என்று எழுதிய பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் லைனில் அது 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள குறட்டால் பிடித்து அதன் இரண்டு காலிலும் 5 நொடி வைத்து, மல்டிமீட்டரில் 0 பார்த்த பிறகே கை. மூடி திறந்தபடி கரன்ட் கொடுத்து, லென்ஸுக்குள் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது; கண் போய்விடும்.

99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, உதறி, எடை கொடுக்காமல் நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைக்க வேண்டும். லென்ஸ் பிளாஸ்டிக், நாலு கம்பி மேல் தொங்குகிறது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் அது வெள்ளை பூத்துப் போகும். பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க்கும் வேண்டாம். வேகமாகச் சுற்றும் பிரஷ் லென்ஸைத் தட்டிவிடும்.

நூல்கள் போயின, ஆனால் அவை இருந்த தடம் போகவில்லை. பூசணம் மேல்பூச்சைத் தின்றுவிட்டிருந்தது. டொராண்டோ டிஸ்க் இப்போது தொடங்கியது, தாலி கட்டும் இடத்துக்கு வருமுன் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. சரி, லேசரோடு சேர்ந்த லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். உள்ளே இருந்தது எஸ்எஃப்-எச்டி 65. இதே எண் உள்ளது 350 ரூபாய். மாடல் எண்ணைச் சொல்லி வாங்காமல், லென்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டு வகை லென்ஸ் வருவதுண்டு.

மாற்றியபின் ‘நோ டிஸ்க்’. சிடி கூட எடுக்கவில்லை. புது லென்ஸும் பழுதோ என்று கடைக்குத் திருப்பி அனுப்பும் நிலைக்குப் போய்விட்டது. காரணம் ஒரு மிளகளவுகூட இல்லாத ஈயப் பொட்டு. நிலைமின்சாரத்தில் லேசர் சாகாமல் இருக்க, புது லென்ஸின் சின்ன போர்டில் இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்தே விற்கிறார்கள். அதை எடுக்காவிட்டால் லேசர் எரியாது. முறை இதுதான்: முதலில் பிளேயரின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும், ரிப்பன் கேபிளை நேராகச் சொருகி லாக்கை அழுத்த வேண்டும், அதன்பிறகே 25 வாட் சால்டரிங் அயர்னால் அந்த ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும், 2 நொடிக்கு மேல் வைக்காமல். வரிசையை மாற்றி, ஈயத்தை முதலில் எடுத்துவிட்டுக் கேபிளைச் சொருகினால், கையிலிருக்கும் நிலைமின்சாரமே லேசரை முடித்துவிடும். லென்ஸ் விற்கிறவர்கள் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு லென்ஸ் தப்பும்.

திறந்த கையோடு மற்ற வேலை. லென்ஸ் வழுக்கும் இரண்டு கம்பியிலும் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. ஜனவரிக் காலையில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்போது லென்ஸ் நகர மறுப்பது இதனால்தான். ஆல்கஹாலில் துடைத்து, கம்பிக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்கும் சிலிக்கான் கிரீஸ், தீக்குச்சி முனையளவு. பவர் போர்டில் தலை புடைத்திருந்த இரண்டு 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர்களை எடுத்து, அதே மைக்ரோஃபாரடில் 16 வோல்ட் போட்டாயிற்று. வெள்ளைக் கோடு உள்ள கால் மைனஸ். போர்டில் இருக்கும் குறியோடு ஒத்துப்பார்த்தே சால்டர் செய்ய வேண்டும். டொராண்டோ கல்யாணம் முகூர்த்தம் முதல் பந்தி வரை நிற்காமல் ஓடியது.

ப்ளூரே

இதற்குச் சுருக்குவழி இல்லை. ப்ளூரே பிளேயரில் ரகசிய எண் போட்டால் பெரும்பாலும் டிவிடி ரீஜன் மட்டும்தான் திறக்கும். ஏ, பி, சி அப்படியே இருக்கும். உள்ளே தனியாக ஒரு சின்ன போர்டு வைத்து மாற்றிய பிளேயரை, அதற்கென்றே இருக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிக் கையில் கொண்டுவரச் சொன்னதில் 21,000 ரூபாய் ஆயிற்று. விளம்பரத்தில் ‘ரீஜன் ஃப்ரீ’ என்ற சொல்லை நம்பாமல், ‘டிவிடி 0 முதல் 8, ப்ளூரே ஏ, பி, சி’ என்று இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, 230 வோல்ட் ஏற்குமா என்று பாருங்கள். வந்ததும் முதல் வேலை, தானாக அப்டேட் ஆவதை அணைப்பது. வைஃபையோடு சேர்க்கவே வேண்டாம். புது மென்பொருள் ஏறினால் மாற்றிய வேலை அழிந்துபோகலாம்.

ஒரே ஒரு டிஸ்க்குக்காக இந்தப் பணம் தகாது. பல பெரிய ஸ்டுடியோக்களின் ப்ளூரேக்கள் பூட்டில்லாமலே வருகின்றன. அட்டையில் மூன்று எழுத்தும் இருந்தால் இந்தியப் பிளேயரே போதும். முதலில் அதைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் பார்க்க விரும்பினால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும், ஆனால் 2000-க்குப் பின் வந்த டிரைவ்களில் ரீஜனை 5 தடவைதான் மாற்றலாம். ஐந்தாவதில் எங்கே நிற்கிறதோ அதுவே கடைசி. ‘மாற்றவா’ என்று கேட்கும் பெட்டிக்கு யோசிக்காமல் சரி சொல்லாதீர்கள்.

மழைக்காலம்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. அந்த மூன்று மாதத்தில்தான் லென்ஸ் சாகிறது. பிளேயர் இப்போது வெளிச்சுவரை ஒட்டாமல் உள்சுவர்ப் பக்கம் இருக்கிறது. மூடிய அலமாரியில் அல்ல. ஓட்டாத நாட்களில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஏதாவது டிஸ்க் ஓட்டினால் உள்சூடே ஈரத்தை விரட்டும். குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் 2 மணி நேரம் கழித்தே சுவிட்ச். லென்ஸில் வியர்த்திருக்கும்போது போட்டால் ‘நோ டிஸ்க்’ வந்து வீணாகப் பயமுறுத்தும். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

கணக்கு: வீணான பிளேயர் 1,850, பழைய பிளேயர் 700, லென்ஸ் 350, ஆல்கஹால் 120, கிரீஸ் 80, கெப்பாசிட்டர் 40, சிலிக்கா ஜெல் 150. அடுத்த தடவை என்றால் முதல் செலவு இருக்காது. பழைய பிளேயரைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்து வாங்கினால் மூன்றாவது செலவும் இருக்காது.

ரிமோட்டின் பின்னால், பேட்டரி மூடிக்குள், ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: டிரே காலி, செட்டப், பிரிஃபரன்ஸ், 138931. எப்போதும் 0. வரைபடம் வந்தால் 1.